அமெரிக்க ரொட்டிப் பெட்டியும் நான் கட்டிய பீஸும்

நான் முட்டாள் என்ற விஷயத்தை இருபத்து நான்கு வயதுவரை வெற்றிகரமாக மறைத்து வைத்திருந்தேன். பெண் பார்க்க ஓசூருக்குப் போன அன்றுதான் அது வெளியே வந்தது. (சும்மா வரவில்லை. டமால் என்ற சத்தத்தோடு, தெருவுக்கே கேட்கும்படி வந்தது.)

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது. எங்கள் உத்தனப்பள்ளியில் அப்போது கரண்ட் கிடையாது. ஓசூரில் பெண் வீட்டில் இருந்தது. கரண்ட் மட்டுமா? பெண்ணின் அண்ணன் அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தார். அவர் யார் மூலமாகவோ கப்பலில் அனுப்பிய ரொட்டி வாட்டும் பெட்டி ஒன்று, மாலை போடாத குறையாக அலமாரியில் வீற்றிருந்தது. அதன் பிளக் நம் ஊர்ச் சுவரில் நுழையாததால் யாரும் அதை ஓட்டிப் பார்த்ததில்லை.

பஜ்ஜி முடிந்ததும் பெண்ணின் அப்பா கேட்டார்: "தம்பிக்கு பீஸ் கட்டத் தெரியுங்களா?"

கரண்ட் நின்றுபோனால், எரிந்த கம்பியை எடுத்துவிட்டு வேறு கம்பி கட்டுவார்களே, அந்த பீஸைத்தான் கேட்டார். என் அப்பாவுக்குத் தெரிந்ததோ பள்ளிக்கூடத்து பீஸ் ஒன்றுதான்.

"என்ன இப்பிடிக் கேட்டுப்புட்டீங்க? பள்ளிக்கூடத்துல சேந்த நாள்ல இருந்து இவன் கையாலதான் கட்டுவான். ஒரு தடவ தவறினதில்ல!"

"பள்ளிக்கூடத்துலயேவா!" பெண்ணின் அப்பா, அதாவது என் வருங்கால மாமா, அசந்துபோனார்.

எனக்கு இரண்டு பீஸுக்கும் வித்தியாசம் தெரியும். வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். ஆனால் கதவிடுக்கில் பெண்ணின் ஒரு கண் தெரிந்தது. சரோஜாவின் அந்தக் கண் வியப்பில் விரிந்தது. நான் மீசையைத் தடவிக்கொண்டேன். (தடவும் அளவுக்கு மீசை இல்லை, அது வேறு விஷயம்.)

தம்பி இதையும் ஓட்டிக் காட்டட்டும் என்று அலமாரியிலிருந்து பெட்டி வந்தது. கூடவே ரொட்டியும் வந்தது. "யாருக்குடா காய்ச்சல்?" என்று அப்பா என் காதில் கேட்டார். களி தின்று வளர்ந்த எங்களுக்கு ரொட்டி என்றால் காய்ச்சல்காரர் ஆகாரம்.

அமெரிக்க பிளக்குக்குத் தட்டைப் பல். நம் சுவரிலோ உருண்டை ஓட்டை. பல்லோடு சேர்த்து ஒரு சாண் வயரையும் வெட்டிப் போட்டேன். மீதி வயரின் நுனிகளைச் சீவி ஓட்டைகளில் செருகி, தீக்குச்சிகளால் இறுக்கினேன். சுவிட்சில் கை வைக்கும்போது உள்ளேயிருந்து சரோஜாவின் குரல் வந்தது.

"அப்பா, பெட்டிக்கு அடியில நூத்திப் பத்து வோல்ட்டுன்னு போட்டிருக்கு. நம்ம மீட்டர்ல இருநூத்தி முப்பதுன்னு இருக்கே?"

நான் பெரிய மனது பண்ணிச் சிரித்தேன். "ஒரு உருண்ட களி கேட்டவனுக்கு ரெண்டு உருண்ட போட்டா கோவிச்சுக்குவானாங்க?"

சுவிட்சைப் போட்டேன். பட்! பீஸ் போயிற்று.

"போனா என்ன, தம்பிதான் இருக்காரே!" என்றார் மாமா.

மெயினை அணைத்துவிட்டு (அந்த அறிவாவது இருந்தது) பீஸ் கட்டையைப் பிடுங்கிப் பார்த்தேன். தலைமுடி மாதிரி ஒரு கம்பி. இவ்வளவு மெலிசாகக் கட்டினால் எரியாமல் என்ன செய்யும்? வெட்டிப் போட்ட அமெரிக்க வயரின் செம்புக் கம்பிகளை ஒன்று விடாமல் முறுக்கி, தேர் வடம் போலக் கட்டினேன். வீட்டைக் காப்பாற்ற உயிரை விடுவதுதான் அந்த மெலிசுக் கம்பிக்கு உத்தியோகம் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

மறுபடி சுவிட்சைப் போட்டேன். பெட்டிக்குள் கம்பிகள் சிவந்தன, வெளுத்தன, சூரியனாயின. ரொட்டி கரியாகி, எம்பிக் குதித்து, என் அப்பாவின் மடியில் விழுந்தது. அதே நேரம், வீட்டு பீஸ் போகாததால் தெருக் கம்பத்து பீஸ் டமால்! பக்கத்து மாவு மில் ஒரு முனகல் முனகிவிட்டு நின்றது.

பாதி அரைத்த கேழ்வரகுக் கூடைகளோடு பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். தமிழில் தொடங்கிய வசவு தெலுங்கு, கன்னடம் எல்லாம் சுற்றி வந்தது. மூன்றும் எனக்குப் புரியும் என்பதுதான் கொடுமை.

"யாருய்யா அந்த எஞ்சினியரு?" என்று மில்காரர் கத்தினார். மாமா அப்பாமீது பாய்ந்தார். "பள்ளிக்கூடத்துல இருந்து கட்டுறான்னீங்களே!"

"ஆமாங்க! ரசீது இருக்குதுங்க!" என்று அப்பாவும் கத்தினார்.

நான் வாசலில் போய்க் கும்பிட்டேன். "தாயி, எஞ்சினியரு நான்தான். கரி ரொட்டி இருக்கு, தரட்டுங்களா?" ஒரு அம்மாள் வசவை நிறுத்திச் சிரித்துவிட்டார். கரண்ட் ஆள் வந்து கம்பத்தில் ஏறும்வரை, திட்டு வாங்கிக்கொண்டே கூடைகளை நிழலுக்கு மாற்றினேன்.

சம்பந்தம் கருகிவிட்டதென்று அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். மாமா ஒப்புக்கு உள்ளே திரும்பி, "நீ என்னம்மா சொல்ற?" என்றார்.

"பண்ணிக்கிறேன்ப்பா. ஆனா அவங்க ஊருக்குக் கரண்ட் வந்தா, அந்த வீட்டுல பீஸ் நான்தான் கட்டுவேன்."

கல்யாணத்துக்கு வந்த அமெரிக்க மச்சான் எனக்கு விளக்கினார். அங்கே வீட்டுக்கு வரும் வோல்ட்டே நம்முடையதில் பாதிதானாம். பீஸும் பாட்டில் மூடிபோலத் திருகி மாட்டுவதாம், கட்டுகிற வேலையே இல்லை. "ஆனா அங்கயும் உங்கள மாதிரி ஆளு உண்டு மாப்ளே. பீஸ் போனா, அதுக்குப் பின்னால செப்புக் காசச் செருகிடுவாங்க." அன்றுதான் எனக்கு அமெரிக்கா மீது ஒரு பாசம் வந்தது.

எங்கள் வீட்டில் இன்றும் விளக்கு அணைந்தால் பிள்ளைகள் கோரஸாகக் கேட்பார்கள்: "அப்பா, ரசீது இருக்கா?"

போன மாதம் அப்படித்தான் அணைந்தது. சரோஜா ஸ்டூலில் ஏறி பீஸ் கட்டிக்கொண்டிருந்தாள். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, இத்தனை வருஷமாகக் கேட்காததைக் கேட்டுவிட்டேன். "அவ்வளவு கூத்துக்கு அப்புறமும் என்னை எதுக்குக் கட்டிக்கிட்ட?"

அவள் திரும்பக்கூட இல்லை.

"அன்னிக்கு எரிஞ்சு விழாதது நீங்க ஒருத்தர்தான்."