சிங்க மீனுக்கு விழுந்த பூ

நாமக்கல்,
2.7.84

அன்புள்ள தம்பி நாச்சிமுத்துவுக்கு அக்கா மயிலம்மாள் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் நலம், கோழிகளும் நலம். தூத்துக்குடி வெயிலில் நீயும், உன்னிடம் மீன் வளர்ப்புப் படிக்கும் பிள்ளைகளும் வாடாமல் இருக்க வேண்டும்.

இன்று காலை எழுந்து பல்கூட விளக்காமல் நான் செய்த முதல் வேலை, வருகிறவர்கள் உட்காரும் ஆசாரத்தில் இருக்கும் கண்ணாடித் தொட்டியிலிருந்து ஒரு கரண்டித் தண்ணீரை எடுத்து நாக்கில் விட்டுப் பார்த்தது. "உன்ற ரசத்துல என்னைக்காச்சும் உப்புத் தப்பியிருக்குதா? நீயே பார்த்துச் சொல்லு" என்று உன் மச்சான் இந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்து ஒரு வாரமாகிறது. விலங்கியல் பட்டம் வாங்கியவளுக்கு இருபத்திரண்டு வருடம் கழித்து இந்த வீட்டில் கிடைத்த முதல் உத்தியோகம்.

"உப்பு சரிதானுங்க. கருவாட்டு வாசந்தான் தூக்கலா இருக்குது" என்றேன். இல்லாமல் எப்படி இருக்கும்? கோழித் தீவனத்துக்கு மூட்டை மூட்டையாகக் கருவாடு ஏற்றி வரும் லாரியில்தான் கடல் தண்ணீரும் கேன்களில் வந்தது.

இந்த மீன் தொட்டி எதற்கு என்று கேட்டிருந்தாய். குமாரபாளையத்தில் நாற்பது விசைத்தறி ஓட்டும் குடும்பம் உன் மருமகள் வசந்தாமணியைப் பார்க்கப் பதினோராம் தேதி புதன்கிழமை வருகிறது. அவர்கள் வீட்டில் கலர் டி.வி.யும் வீடியோ டெக்கும் இருக்கிறதாம். அதற்கு மேல் ஒன்று நம் வீட்டில் வேண்டுமென்று யோசித்து, பம்பாயில் முட்டை ஏஜெண்ட் வீட்டில் பார்த்த பவளப் பாறைத் தொட்டியை உன் மச்சான் இங்கே கொண்டுவந்துவிட்டார். தொட்டிக்கு இடம் வேண்டுமே, சுவரில் மாட்டியிருந்த என் பட்டத்தைச் சட்டத்தோடு கழற்றி அரிசி மூட்டை மேல் வைத்துவிட்டார். வசந்தாவுக்குக் கோவையில் எம்.எஸ்ஸி. படிக்க இடம் கிடைத்துக் கடிதம் வந்ததைக் காட்டினால், "நல்லதாப் போச்சு, அதையும் சட்டம் போட்டுரலாம், மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க பார்க்கட்டும்" என்கிறார்.

உன் கடிதத்தை எல்லோருக்கும் உரக்கப் படித்தேன். புதிதாக வைப்பவர்கள் தண்ணீர் பக்குவப்பட ஒன்றரை மாதமாவது பொறுக்க வேண்டும், பிறகு கண்ணுக்கு நிறைவாக ஒரே ஒரு மீன் போதும் என்று எழுதியிருந்தாயே, அங்கேயே சண்டை ஆரம்பித்தது. "கோழிக்குஞ்சே இருபத்தோரு நாள்ல பொரிச்சு வெளிய வந்துருது, தண்ணி ஆவறதுக்கு ஒன்றரை மாசமா?" என்றார் உன் மச்சான். அவருடைய அக்கா காளியாத்தாள் நங்கைக்கு வேறு கவலை. "இத்தாப்பெரிய தொட்டியில ஒரே ஒரு மீனா? சம்பந்தி ஊட்டுக்காரங்க நம்மளப் பஞ்சப் பரதேசின்னு நினைக்க மாட்டாங்களா?" என்றவர், நான் தடுப்பதற்குள் ஜேடர்பாளையம் ஆற்றில் பிடித்துவந்த நாலு அயிரையை உப்புத் தண்ணீரில் விட்டும்விட்டார். அரை மணி நேரத்தில் நாலும் வயிற்றைக் காட்டி மிதந்தன. "புது இடமல்லோ, போகப் போகப் பழகிக்கும்" என்றார். என் கல்யாணத்தன்று என்னைப் பார்த்தும் இதையேதான் சொன்னார்.

நீ சொன்ன கோமாளி மீன், எதையும் தாங்கும் என்றாலும், பேரிலேயே தோற்றுவிட்டது. "சம்பந்தி பேரைக் கேட்டா கோமாளின்னா சொல்றது? சிங்க மீன்னா ஒரு மதிப்பு" என்றார் உன் மச்சான்.

"முள்ளுல வெசமாமுங்க. கூட இருக்கற சின்ன மீனையெல்லாம் முழுங்கிருமாம்" என்று நீ எழுதியதைப் படித்துக் காட்டினேன்.

"அதுக்கென்ன, பெரிய மனுசன்னா அப்படித்தான் இருப்பான்."

எனக்குப் பிடித்தது வண்ணத்துப்பூச்சி மீன். பவளத்தைத் தவிர எதையும் தின்னாது, தொட்டியில் விட்டால் பட்டினி கிடந்தே செத்துப்போகும் என்று நீ எழுதியதை வசந்தா வாங்கி இரண்டு தடவை படித்தாள். "அப்ப அதைக் கடல்லயே உட்டுரச் சொல்லுங்கம்மா மாமாகிட்ட" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். இந்த ஒரு வாரத்தில் அவள் பேசியது அவ்வளவுதான். அவளிடம் யாரும் எதையும் கேட்கவும் இல்லை.

மீன் சண்டை முடியாமலிருக்க, போன வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்குப் பூக் கேட்கப் போனோம். வழக்கம் உனக்குத் தெரியும், அம்மன் மேல் பூவை வைத்ததும் கேட்க வேண்டியதை மனதுக்குள் நினைக்க வேண்டும், வாய்விட்டுச் சொல்லக் கூடாது, வலப்பக்கம் விழுந்தால் சம்மதம். உன் மச்சான் கண்ணை மூடிய மாத்திரத்தில் வலப்பக்கம் விழுந்தது. "அம்மா உத்தரவு குடுத்துட்டா! இனிப் பந்தக்கால் நட வேண்டியதுதானுங்க" என்று பூசாரி கந்தப்பன் கையெடுத்துக் கும்பிட்டார். கல்யாணத்துக்குத்தான் கேட்டார் என்று நினைத்து நானும் திகைத்துப்போனேன். வெளியே வந்ததும் இவர் என் காதோடு, "சிங்க மீனே வைக்கலாமான்னு கேட்டேன் மயிலு, குடுத்துப்போட்டா" என்கிறார்.

"பூசாரி கல்யாணத்துக்குன்னு நினைச்சுட்டாருங்களே!"

"நினைச்சுட்டுப் போறாரு. மீனுக்குப் பூக் கேட்டேன்னு சொன்னா ஊரே சிரிக்காதா?"

மறுநாளே செய்தி குமாரபாளையத்துக்குப் போய்விட்டது. அம்மனே சொன்ன பிறகு பெண் பார்ப்பதெதற்கு, புதன்கிழமை நிச்சயமே செய்துவிடலாம் என்று ஆள் அனுப்பிவிட்டார்கள். நான் கேட்டதற்கு, "அம்மனுக்குத் தெரியாதா? ரெண்டுக்கும் சேர்த்துத்தான் குடுத்திருப்பா" என்கிறார் உன் மச்சான்.

ஆகையால் தம்பி, சனிக்கிழமை புறப்படும் கருவாட்டு லாரியில், நல்ல தோகையுள்ள சிங்க மீன் ஒன்றைப் பத்திரமாக அனுப்பி வைக்கவும். உன் மனைவிக்கு என் அன்பு. குழந்தைகள் நிறைய படித்து, நீண்ட ஆயுளோடு இருக்கட்டும்.

உன் அன்பு அக்கா,
மயிலம்மாள்

பி.கு.: எழுதியதைத் திரும்பப் படித்தேன். சிங்க மீன் வேண்டாம் சாமி, எந்த மீனும் அனுப்பாதே. தொட்டி காலியாகவே இருக்கட்டும். புதன்கிழமை வருகிறவர்கள் அதைப் பார்த்து மீன் எங்கே என்று கட்டாயம் கேட்பார்கள். அப்போது அம்மன் எதற்குப் பூக் கொடுத்தாள் என்பதை எல்லோர் முன்னாலும் சொல்லிவிடப்போகிறேன். உன் மச்சான் வேறு எதற்கு மழுப்பினாலும் அம்மன் பேரில் பொய் சொல்ல மாட்டார். கோவையில் சேரக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. வியாழன் விடியற்காலை பஸ்ஸில் வசந்தாவை நானே கூட்டிப்போகிறேன். இதை இங்கே யாரிடமும் சொல்லவில்லை, அவளிடம்கூட. அதுவரை தினமும் காலையில் தொட்டித் தண்ணீரை நாக்கில் விட்டுப் பார்த்து, உப்பு சரியாக இருக்கிறது என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பேன்.