எட்டாம் நம்பர் வீட்டுக் குடும்பம்

"வீட்டுல மொத்தம் எத்தனை பேர்?" என்று முனிசிபல் போர்டு ரைட்டர் கேட்டார்.

"ஒருத்தர்தான்" என்று சொல்லத்தான் குழந்தைவேலு வாயைத் திறந்தார். ஆனால் போன வருஷம் வேறொரு கணக்கெடுப்புக்கு வந்தவரிடம் அப்படிச் சொல்லித்தான் ஏமாந்திருந்தார். அந்த ஆள் நின்றபடியே எழுதிக்கொண்டு அரை நிமிஷத்தில் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அவருக்காக வாங்கி வைத்த பிஸ்கட்டைக் குழந்தைவேலு ஒருவராகவே நாலு நாள் சாப்பிட வேண்டியிருந்தது.

"அஞ்சு பேர்" என்றார்.

ரைட்டர் உடனே பெஞ்சில் உட்கார்ந்தார். "பேரெல்லாம் சொல்லுங்க. வயசும் வேணும்."

குழந்தைவேலு சொன்னார். மனைவி நீலாவதி, வயது முப்பத்தெட்டு. மாமியார் செண்பகம், அறுபது. மூத்தவள் இந்திராணி, இளையவள் மரகதம். ரைட்டர் டீ குடித்தார், பிஸ்கட் தின்றார், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று விசாரித்தார். முழுசாக இருபது நிமிஷம் இருந்துவிட்டுப் போனார்.

குழந்தைவேலுவுக்கு நாற்பத்தாறு வயது. தங்கைகள் இருவரைக் கட்டிக் கொடுத்து முடிப்பதற்குள் தனக்குக் கட்டிக்கொள்ளும் வயது போய்விட்டது. போர்ட் பிளேருக்கு வந்து பதினோரு வருஷமாக மரக்கிடங்கில் தடி எண்ணுகிற வேலை. எண்ணிக்கையில் ஒரு நாளும் ஒரு தடிகூடத் தவறியதில்லை. டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் மேட்டுச் சந்தின் கடைசி வீடு அவருடையது. அதற்கு மேலே காடு. அதனால் எங்காவது போகிற வழியில் அந்த வீட்டைத் தாண்டிப் போகிறவர் என்றுகூட யாரும் கிடையாது.

மூன்றாவது வாரம் யாரோ கதவைத் தட்டினார்கள். பதறிப்போய்த் திறந்தார். மூன்றாம் வீட்டுப் பொன்னம்மா நின்றிருந்தாள்.

"அண்ணே, நம்ம சந்துக்குக் குழாய் வருது! நாப்பது தலை இருந்தா ஒரு குழாய்னு போர்டுல தீர்மானம் போட்டிருக்காங்களாம். நம்ம சந்துல சரியா நாப்பது!"

மாசியிலேயே பள்ளத்துக் கிணறு வற்றிவிடும் ஊர். குடத்தைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறி ஏறிப் பொன்னம்மாவுக்கு இடுப்பே ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. முன்பெல்லாம் ஒரு குழாய் வேண்டுமென்றால் சீஃப் கமிஷனர் ஆபீசுக்கு மனு எழுதிவிட்டு, பதில் வருவதற்குள் வேறு வீடு மாறிவிடுவார்கள். போர்டு என்று ஒன்று வந்த பிறகுதான் குழாய், தெருவிளக்கு, சாக்கடை, குப்பை எல்லாவற்றுக்கும் நேரில் போய்க் கேட்க ஒரு வாசல் கிடைத்திருந்தது.

"நாப்பதா?" என்றார் குழந்தைவேலு.

"ஆமா. ஆனா நான் எண்ணிப் பார்த்தா முப்பத்தாறுதான் வருது." பொன்னம்மா வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். கொடியில் ஒரே ஒரு வேட்டி தொங்கியது. "மிச்சம் நாலு பேர் எங்கண்ணே?"

அவர் உண்மையைச் சொன்னார். சொல்லிவிட்டு, "நாளைக்கே போய்த் திருத்திடறேம்மா" என்றார்.

"திருத்துவீங்களா? திருத்துங்க. அப்புறம் ஏழு வீட்டுப் பொம்பளைங்களும் குடத்தோட உங்க வாசல்லதான் வந்து உட்காருவோம்."

அதைக் கேட்டதும் அவர் மனசின் ஒரு மூலையில் ஆசைகூட வந்தது. ஆனாலும் பயம்தான் அதிகமாக இருந்தது. இரண்டு நாள் யோசித்து, பொய்யும் இல்லாமல் உண்மையும் இல்லாமல் போர்டுக்கு ஒரு கடிதம் எழுதினார்: "என் குடும்பத்தார் நால்வரும் சென்ற கப்பலில் மெயின்லேண்ட் சென்றுள்ளனர்."

ஒரே வாரத்தில் பதில் வந்தது. ஊரில் இல்லாதவர்களைத் தலைக்கணக்கில் சேர்க்க முடியாது. இன்ஸ்பெக்டர் வரும் ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து சரிபார்ப்பார்.

பொன்னம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "உங்களை யாருண்ணே கப்பல் ஏத்தச் சொன்னா? இப்ப நீங்களே அவங்களை இறக்குங்க!"

"எங்கேருந்தும்மா இறக்குறது?"

"நம்ம சந்துலேருந்துதான்."

சனிக்கிழமைக்குள் எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. கீழ்முனையில் கடை வைத்திருக்கும் ஜெய்னுதீன் தன் பெண்கள் இருவரையும் சாயங்காலம் வரைக்கும் தர ஒப்புக்கொண்டார். "சாப்பாடு நம்ம வீட்டிலேருந்தே கொடுத்தனுப்பட்டுமா?" என்று அவர் மனைவி ஆசியா கேட்டதற்கு, "வேண்டாம், அங்கே அப்பா வீட்டுச் சோறுதான் திங்கணும்" என்று பொன்னம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். மாமியாராக வர, கப்பல்காரர்களுக்கு மெஸ் நடத்தும் செல்லம் முன்வந்தாள். மனைவியாக யாரும் வரமுடியாது, அது மரியாதை இல்லை. அதனால் நீலாவதிக்கு உடம்பு சரியில்லை என்றும், பொன்னம்மா அடுக்களைக்குள் இருந்தபடி பாத்திரத்தை மட்டும் உருட்டுவது என்றும் முடிவாயிற்று.

இன்ஸ்பெக்டர் கிருஷ்ணமூர்த்தி குடையும் கையுமாகப் பதினொரு மணிக்கு மேடேறி வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். சிரிப்பதற்கு அனுமதி வாங்க வேண்டும் என்பது போன்ற முகம்.

"கப்பல்ல போனதா எழுதியிருக்கீங்களே?"

"பாதி வழியில திரும்பிட்டாங்க சார்" என்றார் குழந்தைவேலு.

நடுக்கடலில் கப்பல் எப்படித் திரும்பும் என்று இன்ஸ்பெக்டர் கேட்கவில்லை. நோட்டில் ஏதோ எழுதினார். "உன் பேர் என்னம்மா?"

"லத்தீ..." என்று ஆரம்பித்த பெரியவளைச் சின்னவள் கிள்ளினாள். "இந்திராணி" என்று முடித்தாள் பெரியவள்.

"அப்பா உன்னை நல்லாப் பார்த்துக்கறாரா?"

"ஓ! மாமா ரொம்ப நல்லவங்க."

"எங்க ஊர்ப் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவாங்க சார்" என்றார் குழந்தைவேலு. உள்ளே பாத்திரம் தடாலென்று விழுந்தது.

நிலைமையைச் சமாளிக்கச் செல்லம் முன்னால் வந்தாள். வந்தவள் வேஷத்துக்குள் முழுசாக இறங்கிவிட்டாள். "நல்லவராம், நல்லவரு! இவருக்குப் பொண்ணைக் கொடுத்து நான் என்ன சுகத்தைக் கண்டேன்? தீவுன்னும் பார்க்காம வந்து கெடக்குறேன். ஒரு நாளாவது 'அத்தே, சாப்பிட்டீங்களா'ன்னு கேட்டதுண்டா இந்த மனுஷன்?"

குழந்தைவேலுவுக்கு நிஜமாகவே குற்ற உணர்ச்சி வந்துவிட்டது. "சாப்பிட்டீங்களா அத்தே?" என்று கேட்டார்.

"இப்பக் கேளுங்க, ஆபீசர் எதிர்ல!"

இன்ஸ்பெக்டர் நோட்டை மூடினார். வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்பக்கூடாதே என்று செல்லம் இலை போட்டாள். வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு, சுட்ட அப்பளம். அவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். செல்லம் கேட்காமலேயே மூன்றாவது தடவை சோறு போட்டபோது மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.

போகும்போது வாசலில் நின்று, "வீட்டம்மாவைப் பார்க்கலையே. அடுத்த ஞாயித்துக்கிழமை மறுபடி வரணும்" என்றார்.

அன்று சாயங்காலம் எல்லோரும் அவரவர் சாமான்களை எடுத்துக்கொண்டு போனார்கள். செல்லம் அண்டாவை எடுத்துக்கொண்டாள். பொன்னம்மா பாயையும் தண்ணீர்ச் சொம்புகளையும் எடுத்துக்கொண்டாள். பெண்கள் தங்கள் ரிப்பன் டப்பாவை எடுத்துக்கொண்டார்கள். வீடு மறுபடி ஒரு தட்டும் ஒரு டம்ளருமாக ஆயிற்று. குழந்தைவேலு நடுவீட்டில் உட்கார்ந்து, சுவரில் சின்னவள் கரியால் போட்டிருந்த கோழிப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழிக்க மனசு வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சின்னவளுக்குக் காய்ச்சல். அவசரத்துக்கு நாலாம் வீட்டுப் பெண்ணை மரகதமாக நிறுத்தினார்கள். அவள் பெரியவளைவிட ஒரு சாண் உயரம்.

இன்ஸ்பெக்டர் அவளை மேலும் கீழுமாகப் பார்த்தார். "ஒரு வாரத்துல நல்லா வளர்ந்துட்டாளே!"

"அது... இங்கே மண்ணு வளமான மண்ணு சார்" என்றார் குழந்தைவேலு.

"ம்" என்றார் இன்ஸ்பெக்டர். பையிலிருந்து இரண்டு வாழைக்காயையும் ஒரு பொட்டலம் அவலையும் எடுத்துச் செல்லத்திடம் கொடுத்தார். "சும்மா வர்றது நல்லாயில்லை."

நீலாவதியை அன்றும் அவர் பார்க்கவில்லை. வாசற்படியில் நின்று, அடுக்களைப் பக்கம் பார்த்து, "உடம்பு எப்படிம்மா இருக்கு?" என்று மட்டும் கேட்டார். உள்ளே வளையல் குலுங்கியது. அதுவே போதும் என்பதுபோல் தலையாட்டிவிட்டு, "அடுத்த வாரம் வர்றேன்" என்றார்.

இப்படியே ஆறு ஞாயிறுகள் போயின. சந்தில் யாருக்கும் ஞாயிற்றுக்கிழமை சொந்த வேலை பார்க்க நேரமில்லை. குழந்தைவேலு நாலு தட்டு, நாலு டம்ளர், ஒரு பெரிய குழம்புச் சட்டி எல்லாம் வாங்கிவிட்டார். இன்ஸ்பெக்டர் ஒருமுறை பெரியவளுக்கு வகுத்தல் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். இன்னொரு முறை, செல்லத்தின் புகாரைக் கேட்டுவிட்டு, "பெத்த தாய் மாதிரி பார்த்துக்கணும் மிஸ்டர் குழந்தைவேலு. இந்தத் தீவுல மனுஷாள் கிடைக்கிறது சுலபமில்லை" என்று கால் மணி நேரம் புத்தி சொன்னார்.

குழாய் மட்டும் வரவில்லை.

"ஆளைப் பார்க்கிற வரைக்கும் விடமாட்டான் போல" என்றாள் பொன்னம்மா. "நீலாவதியை நீங்க ஊருக்கு அனுப்பிடுங்க. தம்பி கல்யாணம்னு சொல்லுங்க. ஒரு தலை குறைஞ்சா குறையட்டும், அஞ்சாம் வீட்டுல இந்த மாசம் பிரசவம் இருக்கு, சரியாப் போயிடும்."

ஏழாவது ஞாயிறு குழந்தைவேலு மெதுவாக அந்தப் பேச்சை எடுத்தார். "சார், என் சம்சாரம் தம்பி கல்யாணத்துக்கு அடுத்த கப்பல்ல ஊருக்குப் போறா."

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த இன்ஸ்பெக்டரின் கை நின்றுவிட்டது. "போறாங்களா? பிள்ளைங்க?"

"அவங்களும்... கூடவே..."

"மாமியாரம்மா?"

"அவங்களும்தான்."

இன்ஸ்பெக்டர் பிசைந்த சோற்றை இலையின் ஓரமாக ஒதுக்கினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஷிப்பிங் ஆபீஸ்ல எனக்குத் தெரிஞ்சவர் இருக்கார். நானே டிக்கெட் ஏற்பாடு பண்ணி, ஜெட்டிக்கு வந்து ஏத்தி விடறேன்" என்றார்.

குழந்தைவேலுவுக்கு வேர்த்துவிட்டது. ஜெய்னுதீன் பெண்களையும் செல்லத்தையும் நிஜமாகவே மெட்ராஸ் கப்பலில் ஏற்றிவிடுவாரே!

"யாரும் போகல!" என்று செல்லம் கத்தினாள். "நான் சொல்றேன், போகல! கல்யாணம் நின்னுபோச்சு!"

"நின்னுபோச்சா?" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் முகத்தில் வந்தது வருத்தமா வேறெதுவா என்று யாருக்கும் பிடிபடவில்லை. "இன்னும் கொஞ்சம் ரசம் போடுங்கம்மா" என்றார்.

அன்று எல்லோரும் போன பிறகு குழந்தைவேலுவால் சாப்பிட முடியவில்லை. பொய் சொன்னது போதாதென்று, ஒரு நல்ல மனுஷனை வாராவாரம் வெயிலில் மேடேற வைக்கிறோமே என்று இருந்தது. அதோடு, சொல்ல வெட்கமான இன்னொன்றும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகள் அவருக்குப் பழகிவிட்டன. இன்னும் நாலு வாரம் போனால் தன்னால் விடவே முடியாது என்று தோன்றியது. விட்டுவிட வேண்டும் என்றால் இப்போதே விட்டுவிட வேண்டும்.

திங்கட்கிழமை கிடங்கில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, மன்னிப்புக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போர்டு ஆபீசுக்குப் போனார். கடிதத்தில் ஒளிவுமறைவே இல்லை. மனைவி, மாமியார், மகள்கள் யாரும் தனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் சாக்கடை வேலை பார்க்க வெளியே போயிருந்தார். வாசல் ஸ்டூலில் பியூன் அப்பாராவ் உட்கார்ந்திருந்தார். தெலுங்கர். பதினைந்து வருஷத் தீவு வாசத்தில் எல்லா மொழியையும் ஒரே மொழியாக்கிப் பேசுகிறவர்.

"க்யா காம் சார், என்ன வேலை?"

"டெய்ரி ஃபார்ம் மேட்டுச் சந்து குழாய் விஷயமா ஒரு லெட்டர். எட்டாம் நம்பர் வீடு."

"அரே, அந்த ஃபைலா? அது ஒண்ணரை மாசம் முன்னாலேயே முடிஞ்சு போச்சே. நம்ம இன்ஸ்பெக்டர் சாப் முதல் தடவை போயிட்டு வந்த மறுநாளே கையெழுத்து ஆயிடுச்சு. நான்தானே மேஜைக்கு மேஜை தூக்கிட்டுப் போனேன்."

குழந்தைவேலுவுக்குப் புரியவில்லை. "நாப்பது பேர்னு எழுதியா?"

"நாப்பத்தி ஒண்ணு. ரைட்டர் கீழ் வீடுகள்ல தங்கியிருக்கிற கப்பல்காரங்க அஞ்சு பேரை விட்டுட்டான், சாப் சேர்த்தார். எட்டாம் நம்பர்ல நாலு பேரை அவரே சிவப்பு மசியில அடிச்சுட்டார். 'ஒரே ஆள்'னு எழுதியிருக்கு. குழாய் பாஸ். கல்கத்தாவிலேருந்து பைப் வரணும், பஸ், அவ்வளவுதான்."

குழந்தைவேலு கையில் எடுத்த கடிதத்தை மறுபடி சட்டைப் பைக்குள் வைத்தார். முதல் நாளே தெரிந்திருக்கிறது. லத்தீபாவைத் தெரிந்திருக்கிறது, வளமான மண்ணைத் தெரிந்திருக்கிறது, உருண்ட பாத்திரங்கள் அத்தனையையும் தெரிந்திருக்கிறது.

"அப்படின்னா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு இன்ஸ்பெக்ஷனுக்கு வர்றாரே, அது எதுக்கு?"

அப்பாராவ் ஸ்டூலிலிருந்து எழுந்தே விட்டார். குழந்தைவேலுவை ஒருமுறை நன்றாகப் பார்த்தார்.

"இன்ஸ்பெக்ஷனா? ஞாயித்துக்கிழமை வேலைக்குக் கூப்பிட்டா, 'தம்பி குடும்பம் இங்கேதான் இருக்கு, போகலேன்னா பிள்ளைங்க அழும், வரமுடியாது'ன்னு சேர்மன்கிட்டயே சொல்றாரே சாப், அந்தத் தம்பி நீங்கதானா?"