பிழைதிருத்துநர் கண்ணாடிப் பெட்டியை இழந்த படலம்

சிவப்பு மையின் வேந்தே, அச்சகத்து அரிமாவே, விடுபட்ட புள்ளிகளை மீட்ட வள்ளலே, வேண்டாத காற்புள்ளிகளின் கூற்றுவனே, கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடியை மார்பில் மணியாரமெனப் பூண்டவனே, உன் புகழ் பாட இந்த எளிய நாவு துணிந்துவிட்டது. மூன்று சிறகிருந்தும் காற்றென்பதையே அறியாத மாடியறை மின்விசிறியே, நீ துணை நில். உட்கார்ந்தவர் எழும்போதெல்லாம் அவரோடு ஒட்டிக்கொண்டே எழுந்துவரும் பிளாஸ்டிக் நாற்காலிகளே, நீங்களும் காப்பாற்றுங்கள். கேட்பவர்களின் பொறுமையை வேறு யாராவது காப்பாற்றட்டும், எங்களால் ஆகாது.

அந்த வேந்தர் யார் என்பீர்கள். ஓர் அச்சகத்தில் பிழைதிருத்துநர். ஆனால் அவருக்கென்று ஒரு நாடு உண்டு. நூலகத்தின் வாசலில், செருப்பு விடும் பலகைக்கு மேலே, பூட்டும் சாவியும் உடைய ஒரு கண்ணாடிப் பெட்டி. மாதந்தோறும் மாடியறையில் கூடும் வாசகர் வட்டம் ஒரு நூலைப் படித்து, கருத்துச் சொல்லி, அவற்றுள் ஒன்றே ஒன்றைத் தேர்ந்து அப்பெட்டிக்குள் ஒட்டும். வட்டம் தொடங்கிய நாள் முதல் நம் காவியத் தலைவரின் தாள் தவிர வேறு தாள் அதற்குள் நுழைந்ததில்லை. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று இளிக்க வேண்டாம். வீட்டில் அவர் வாயைத் திறந்தால் மனைவி தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டுவார். மகன் காதில் எதையோ செருகிக்கொள்வான். அச்சகத்திலோ முதலாளி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "சரி, வெச்சுட்டுப் போங்க" என்பார். இவ்வுலகில் அவர் சொன்ன சொல் ஒரு மாதம் முழுதும் நின்று, நான்கு பேர் நின்று படிக்கும் இடம் அந்தப் பெட்டி ஒன்றுதான். அது போனால் அவருக்கு வேறு நாதியில்லை. அதை நினைத்தால் நமக்கும் பாவமாகத்தான் இருக்கிறது, ஆனால் மனிதர் ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல.

தன் நாட்டைக் காக்க அவரே ஒரு சட்டமும் இயற்றியிருந்தார். ஒருவர் தம் கருத்தைப் படித்து முடித்ததும் மற்றவர் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். விடை சொல்லத் தெரியாதவர் தாளைச் சுருட்டிக்கொண்டு உட்கார வேண்டும். இச்சட்டத்தின் சூட்சுமம் யாதெனில், எவர் எழுந்தாலும் தலைவர் கேட்கும் கேள்வி ஒன்றே: "இந்நூலில் அச்சுப்பிழை எத்தனை?" உலகில் எந்த வாசகன் அதை எண்ணிக்கொண்டு வருவான்? சுருண்ட தாள்களை வைத்தே ஒரு வருடம் அடுப்பெரிக்கலாம். அவரை எதிர்த்துக் கேள்வி கேட்க மட்டும் இதுவரை எவருக்கும் வாய் வரவில்லை.

இம்மாதத்து நூல், 'கைத்துப்பாக்கிக்கும் கண்ணீர் உண்டு'. தலைக்கு வைத்தால் கழுத்து வலிக்கும் கனம். மத்தியப் புலனாய்வுத் துறை அதிகாரிகள் இருவர், ஓர் ஆண், ஒரு பெண், முன்னொரு காலத்தில் காதலித்துச் சண்டையிட்டுப் பிரிந்தவர்கள். துறைக்குள்ளேயே எவரோ சாட்சிகளின் முகவரியைக் கசியவிட, சாட்சிகள் ஒருவர் பின் ஒருவராகச் சாகிறார்கள். அந்தக் கொலைகாரக் கறுப்பாட்டைப் பிடிக்க இவ்விருவரும் ஓர் அடுக்குமாடி வீட்டில் கணவன் மனைவியாக நடிக்க வேண்டும் என்று மேலிடம் கட்டளையிடுகிறது. மேலிடத்துக்கு வேறு வேலையில்லை போலும். நடுவில் பிணம் கிடக்கிறது, இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அவள், இருவரும் ஒருவர் கண்ணில் ஒருவர் மூழ்கிக் கிடக்கிறார்கள். வெடிகுண்டு டிக்டிக் என்கிறது, ஐயாவுக்கு அம்மாவின் கூந்தல் வாசனை நினைவுக்கு வருகிறது. இவர்களை நம்பி நாட்டை ஒப்படைத்த மக்களை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

இத்தகைய நூலை நம் தலைவர் வென்ற விதம் கேளுங்கள். பொருள் கண்ணை மயக்கும், மயங்கிய கண் பிழையைத் தப்பவிடும் என்பது அவர் தொழில் வேதம். ஆகவே பக்கத்தின் அடிவரியில் அடிக்கோலை வைத்து, அங்கிருந்து ஒவ்வொரு வரியாக மேலே ஏறி, தலைவரியில் கொடி நாட்டி, அடுத்த பக்கத்தின் அடிவாரத்துக்கு வந்து சேர்வார். கீழிருந்து மேலே படிப்பவனை எந்தக் கதைதான் தொட முடியும்? அச்சகத்துக்கு அது அருமையான பழக்கம். கேடு என்னவென்றால், தொழிலில் பழகிய கண் வேறெங்கும் வேறுவிதமாகப் பார்க்க மறுத்துவிட்டது. செய்தித்தாளையும் மாத்திரை அட்டையையும்கூட அவர் அடியிலிருந்தே ஏறினார். இவ்வண்ணம் அப்பெரு நூலை இருமுறை ஏறிக் கடந்து, நாற்பத்தொரு பிழைகளைச் சிறைபிடித்து, சிவப்பு மையால் விலங்கிட்டார். யார் யாரைக் கொன்றார்கள் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது.

போர்நாள் வந்தது. மாதக் கடைசிச் சனிக்கிழமை மாலை, நூலகர் அம்மையார் சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு எப்போது முடிப்பீர்கள் என்ற முகத்தோடு மாடியறை வாசலருகே அமர, சேனைகள் திரண்டன. முதலில் எழுந்தவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துபவர், கியரின் கேள்வர், பிரேக்கின் பிதா. கார்கள் துரத்தும் அத்தியாயங்களை மட்டும் பொறுக்கிப் படித்துவிட்டு, மற்றதையெல்லாம் சாலையோர மரங்களைப் போலக் கடந்துவந்தவர். "துரத்தல் எல்லாம் பிரமாதம். ஆனா மலைப்பாதை வளைவுல நாலாவது கியர்ல திருப்புறான். இவனுக்கெல்லாம் யாரு லைசென்ஸ் கொடுத்தாங்கன்னு தெரியலை" என்று முழங்கினார். தலைவர் தம் கேள்வியை எய்தார். பிரேக்கின் பிதா தாளைச் சுருட்டினார்.

அடுத்து எழுந்தவர் பல்மருத்துவர், ஈறுகளின் இறைவர். காதல் வரும் பக்கங்களை மட்டும், ஒரு நோயாளிக்கு மரத்துப்போகும் நேரத்துக்கும் அடுத்த நோயாளி வாய் திறக்கும் நேரத்துக்கும் இடையில் படித்தவர். "உருக்கமான காதல். கண்ணுல தண்ணி வந்துடுச்சு. ஆனா ஓடுற லிஃப்ட்டுல, குண்டு வெடிக்கிற அதிர்ச்சியில, அப்படி முத்தம் கொடுத்தா முன்பல்லு ரெண்டும் போயிருக்கும். அதை ஆசிரியர் யோசிக்கவே இல்லை" என்றார். அவருக்கும் அதே அம்பு, அதே கதி. ஆளுக்கொரு துண்டைத் தின்றுவிட்டு விருந்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வந்த இந்த மகான்கள் தோற்றதில் நமக்கு ஒரு சொட்டு வருத்தமும் இல்லை.

அப்போது எழுந்தார் தலைவர். நாற்காலியும் எழுந்தது, அதை உதறித் தள்ளிவிட்டு, மூக்குக்கண்ணாடியை ஏற்றி, தொண்டையைச் செருமி, அறை அதிர அறைகூவினார்:

"அவையோரே, இது நூலன்று, நூலுக்கு நேர்ந்த விபத்து. நாற்பத்தொரு பிழைகள் இதன் உடலெங்கும் கொப்புளித்து நிற்கின்றன. ஓரிடத்தில் ஒரே சொல் இருமுறை. ஓரிடத்தில் முற்றுப்புள்ளி இரண்டு. ஒரு பக்கத்துக்கு எண்ணே இல்லை. இதில் காதலும் இல்லை, திகிலும் இல்லை, கதையும் இல்லை. இதைப் படித்து மகிழ்ந்ததாகச் சொல்பவர் எவராயினும் அவர் படிக்கத் தெரியாதவர். இதுவே என் தீர்ப்பு, இதுவே பெட்டியின் தீர்ப்பு."

பல்மருத்துவர் தலைகவிழ்ந்தார். நூலகர் சாவியைத் தேர்ந்தெடுத்தார். எல்லாம் எப்போதும்போல முடிந்தது என்று மின்விசிறிகூட எண்ணியிருக்கும். அந்த நேரத்தில்தான் பின்வரிசையில் ஒரு கை எழுந்தது.

அக்கை தலைவருடைய மனைவியின் தங்கையின் கை. மருந்துக்கடை நடத்துபவள், இருமல்களின் எதிரி, காய்ச்சல்களின் பகை, வட்டத்துக்கு அன்றுதான் முதன்முதலாக வந்திருந்தாள். படிக்கத் தெரியாதவர் என்ற சொல் அவளைச் சுருக்கென்று தைத்துவிட்டது. கிறுக்கல் கையெழுத்து மருந்துச் சீட்டுகளை நாள் முழுதும் படித்து ஊரைப் பிழைக்க வைப்பவளைப் பார்த்து அப்படிச் சொன்னால் யாருக்குத்தான் சுடாது.

"அத்தான், ஒரு கேள்வி கேக்கலாம்ல?"

"சட்டப்படி கேட்கலாம்" என்றார் தலைவர், பெருந்தன்மையோடு.

"கொலைகாரன் யாரு?"

ஆகா, அவ்வினா புறப்பட்ட வேகம் என்ன, அது போய்ச் சேர்ந்த இடத்தில் ஒன்றுமே இல்லாத வெறுமை என்ன. தலைவர் தம் நினைவின் படைக்கலக் கொட்டிலைத் திறந்தார். இரட்டை முற்றுப்புள்ளி இருந்தது. எண் இல்லாத பக்கம் இருந்தது. மை தீற்றிய ஒரு வரி இருந்தது. கொலைகாரன் இல்லை. இருமுறை ஏறிய மலையில் ஒரு மனித முகத்தையும் தாம் பார்க்கவில்லை என்பது அந்தக் கணத்தில்தான் அவருக்கு உறைத்தது, காது மடல் சூடாகிவிட்டது.

"கதை என்று ஒன்று இருந்தால்தானே கொலைகாரன் என்று ஒருவன் இருப்பான்" என்று கேடயத்தைத் தூக்கினார்.

"இருக்கான் அத்தான். பேரு, ஊரு, வேலை எல்லாம் இருக்கு. சொல்லுங்க."

வேறு வழியின்றி வீரர் கண்ணை மூடிக்கொண்டு வேலெறிந்தார். "அந்த ஆண் அதிகாரியே."

"அது எப்படி சார்?" என்று பிரேக்கின் பிதா குறுக்கே வந்தார். "கடைசிக் கொலை நடக்குறப்ப அவரு மலைப்பாதையில வண்டி ஓட்டிட்டு இருக்காரே."

"மலைப்பாதையா? மொட்டைமாடியில அந்தப் பொண்ணு கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு" என்றார் ஈறுகளின் இறைவர்.

"அது முந்தின கொலைங்க."

"அப்ப யாரு கொன்னது?"

"நீங்க சொல்லுங்க."

"எனக்கு எப்படித் தெரியும்? எங்க காதல் வருதோ அதைத்தான் படிச்சேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு இருவரும் தலைவரைப் பார்த்தார்கள். அதுவரை அவர்கள் அவரைப் பார்த்த பார்வை வேறு, அப்போது பார்த்த பார்வை வேறு. தலைவர் தம் தாளைச் சுருட்டினார்.

குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பவர் மரபில் வந்தவரல்லவா, அத்தோடு விட்டாரா என்றால் இல்லை. மருந்துக்கடைக்காரி தன் கருத்தை எழுந்து படித்தாள். மருந்துச் சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் எழுதியிருந்தாள்: "காதல் கொஞ்சம் அதிகம்தான். அந்த அதிகாரி ரெண்டு பேரும் பேசுறதைவிட முறைச்சுக்கிறப்ப நல்லா இருக்கு. கொலைகாரன் யாருன்னு கடைசி வரைக்கும் என்னால கண்டுபிடிக்க முடியலை. தெரிஞ்சப்ப, கடையில ஆள் நின்னு கூப்பிட்டது காதுல விழலை." அவ்வளவுதான். அவள் வாய் மூடுமுன் தலைவர் தம் கைவசமிருந்த ஒரே படைக்கலத்தை, எண்ணற்ற தாள்களைச் சுருட்டவைத்த அந்தப் பேரம்பை, நாணேற்றி விட்டார்.

"இந்நூலில் அச்சுப்பிழை எத்தனை?"

"நீங்கதான் இப்ப சொன்னீங்களே அத்தான். நாப்பத்தொண்ணு."

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். தாமே இயற்றிய சட்டம், தாமே எண்ணிய எண். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வதில் அவருக்கு நிகர் அவரே. நூலகர் அம்மையார் கீழே இறங்கிப் போய், போன மாதத்துத் தாளைக் கிழித்துவிட்டு, மருந்துச் சீட்டை ஒட்டிப் பெட்டியைப் பூட்டினார். அந்தப் பூட்டின் ஓசை மாடிவரை கேட்டது.

ஆனால் காவியத்தின் கொடுமை அதோடு முடியவில்லை. வென்றவளைப் பாராட்டவோ தோற்றவரைத் தேற்றவோ அங்கு ஒருவருக்கும் நேரமில்லை. பிரேக்கின் பிதாவும் ஈறுகளின் இறைவரும் மாதம் முழுதும் எல்லார் கையிலும் மாறிவந்து மேசைமேல் கிடந்த நூலகத்தின் ஒற்றைப் பிரதியின்மீது ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். ஒருவர் முன்னட்டையைப் பிடிக்க, ஒருவர் பின்னட்டையைப் பிடிக்க, நடுவில் காதலும் கொலையும் நைந்தன. ஊரறிந்த இரு பெரியவர்கள், தாங்கள் இகழ்ந்தும் புகழ்ந்தும் முடித்த ஒரு நூலை முதன்முறையாகப் படிப்பதற்கு அடித்துக்கொண்ட அந்தக் கண்கொள்ளாக் காட்சியை நூலகர்தான் மறுபடி ஏறிவந்து அதட்டி நிறுத்தினார். முதலில் ஓட்டுநர் பள்ளிக்காரர் எடுத்துப்போவது, அடுத்தது பல்மருத்துவர் என்று உடன்படிக்கை ஆயிற்று.

தலைவர் படியிறங்கினார். வாசலில் பெட்டியைப் பார்க்காமல் கடக்க முயன்று, முடியாமல் நின்று, அதிலிருந்த தாளைப் படித்தார். பழக்கப்படி அடிவரியிலிருந்துதான் ஏறினார். காதில் விழாத ஒரு குரல், கடையில் நின்ற ஆள், தெரிந்துகொண்ட ஏதோ ஒன்று. பாதி ஏறியவர் நின்றார். பிறகு, வாழ்நாளில் செய்யாத காரியமாக, தாளின் உச்சிக்குப் போய் முதல் வரியிலிருந்து படித்து இறங்கிவந்தார். மைத்துனி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நீயாவது சொல்லேன். யாரு?"

"சொல்ல மாட்டேன் அத்தான்."

"யாருகிட்டயும் சொல்லிட மாட்டேன்."

"அதுக்கில்ல. சொல்லிட்டா படிக்க மாட்டீங்க. அக்காகிட்ட நாளைக்கு வர்றேன்னு சொல்லுங்க."

அவள் போய்விட்டாள். சிவப்பு மையின் வேந்தர், வேண்டாத காற்புள்ளிகளின் கூற்றுவர், நாடிழந்து, கொடியிழந்து, குடையிழந்து, ஆயினும் நெஞ்சில் ஒரே ஒரு வினா கொழுந்துவிட்டெரிய, அந்தப் படிகளில் மீண்டும் ஏறி, அறையைப் பூட்டிக்கொண்டிருந்த நூலகரின் முன்னால் போய் நின்றார்.

பல்மருத்துவருக்கு அடுத்து அந்தப் புத்தகம் தனக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குப் போனார்.