அணைப்பரசி சோயுலும் ஒரு கை தூரமும்

வாழி, மா யேரின்! பதினொரு மூக்குகளின் பெருக்கை ஒற்றைக் கைக்குட்டையால் அணைகட்டித் தடுத்தவளே, இடவலம் மாறிக் கிடந்த இருபத்திரண்டு காலணிகளை இமைப்பொழுதில் இணைசேர்த்தவளே, ஜோன்ஜு நகரத்து அடுக்ககம் ஒன்றின் தரைத்தளத்தில், நான்கு வயதுக் குடிகள் மல்கிய சூரியகாந்தி வகுப்பைத் தனியொருத்தியாய் ஆண்ட டீச்சரே, வாழி! முழங்கால் தேய்ந்த உன் கால்சட்டையும் வாழி! உன் செவ்வாய்க்கிழமைப் போரைப் பாடப் புகுந்தோம். கலைதரு தெய்வங்காள், பிள்ளைகள் தூங்கும் நேரம் பார்த்து, சத்தமில்லாமல் வந்து எம் நாவில் அமர்க.

பகை யாரெனின், சோயுல். உயரம் மூன்றடி, குடுமி இரண்டு, ஆயுதம் அன்பு. எதிர்ப்பட்டோர் எவராயினும், மலைமேல் விழும் இடிபோல் பாய்ந்து, கழுத்தை வளைத்து, கன்னத்தைத் தேய்த்து, தரையில் சாய்த்து, மேலேறிப் படுத்து, "எனக்கு உன்ன ரொம்பப் புடிக்கும்!" என்று காதுக்குள்ளேயே முரசறையும் அணைப்பரசி அவள். அவ்வணைப்பில் அடிக்கடி வீழ்ந்தவன் ஊஜின். சட்டைக் கழுத்தின் துணிச்சீட்டு உரசினாலே துடித்துப்போகும் மென்மேனியன். மூன்று வாரமாகக் காலைதோறும் வாசலில் காலணி அலமாரியைக் கட்டிக்கொண்டு, "உள்ள வரமாட்டேன், அவ அமுக்குவா!" என்று அலறினான். திங்கள் மாலை அவன் தாய் முடிவாகச் சொல்லிவிட்டாள்: "டீச்சர், நாளைக்கும் இவன் அழுதுக்கிட்டே வீட்டுக்கு வந்தான்னா நான் வேற இடம் பாத்துக்குறேன்."

அவனை இழப்பதா? இரண்டு மாதம் வகுப்புக்குள் வாயே திறவாதிருந்து, போன வாரம்தான் முதன்முதலாக யேரினின் சட்டை நுனியைப் பற்றி, "டீச்சர், ஒண்ணுக்கு" என்ற அருமொழி உதிர்த்தவனையா? யேரின் அன்றிரவு உறங்கவில்லை.

பொழுது புலர்ந்தது. கருத்தரங்குகள் பல கண்ட தலைமையம்மா, பதினொரு பிளாஸ்டிக் வளையங்களோடு எழுந்தருளி, வெதுவெதுப்பான தரையில் அவற்றைப் பரப்பி, "குழந்தைகளே! வளையமே உங்கள் நாடு! பிறர் நாட்டில் கால் வையாதீர்!" என்று பிரகடனம் செய்து, அதைக் கைப்பேசியில் படமும் எடுத்துக்கொண்டு, அப்படம் தெளிவாக விழுந்திருந்ததால் சிக்கல் தீர்ந்ததெனக் கருதி அகன்றார். அவர் முதுகு மறையுமுன் ஒன்பது குடிகள் தத்தம் தாயகம் துறந்து சோயுலின் வளையத்துள் புகுந்தனர். "டீச்சர், எங்க நாட்டுல மூச்சே விட முடியல!" என்று மகிழ்ந்து கூவி, இருபது கால் நண்டென நகர்ந்து, தன் வளையத்தைத் தலைக்குமேல் கேடயமாகப் பிடித்து நின்ற ஊஜினின் தனியரசை நோக்கிப் படையெடுத்தனர்.

யேரின் அஞ்சினாளில்லை. "கையை நீட்டுக! எட்டும் தூரத்துக்கு அப்பால் நிற்க!" என்று ஆணையிட்டாள். நீட்டினர். நீட்டிய கை முன்னவன் தோளைப் பற்ற, "ரயிலு! ரயிலு!" என்ற ஆரவாரத்தோடு பத்துப் பெட்டிகள் கோத்த அவ்வண்டி மேசையை வலம்வந்து, பஞ்சுக் கட்டைகளின் கோட்டையைத் தகர்த்து, ஊஜின் ஒடுங்கிய மூலையையே கடைசி நிலையமாகக் குறிவைத்தது. அவன் உதடு பிதுங்கியது. அந்தோ, இன்னும் ஒரு நொடியில் அழுகை!

அந்நொடியில் கதவு திறந்தது. பூசணிக் கஞ்சிப் பானையோடு சமையலம்மா தோன்றினார். பெரியவர் யார் வரினும் இரு கையையும் தொப்புள்மேல் வைத்து இடுப்பு மடியக் குனிந்து வணங்கவேண்டும் என்பது அங்கே பால்குடியோடு பழகிய வழக்கம். ஊஜின், அழுகையின் விளிம்பிலும் முறை தவறாதவனாய், தொப்புளில் கைவைத்துக் குனிந்தான். அணைக்கப் பாய்ந்துகொண்டிருந்த சோயுலும் பாய்ச்சல் நடுவே குனிந்தாள்.

டங்!

மத்தகம் மோதிய இரு களிறுகள்போல் இருவரும் பொத்தென்று உட்கார்ந்தனர். ரயில் நின்றது. யேரின் பாய்ந்து சென்று, இரு நெற்றியையும் இரு கையால் தேய்த்தபடி, தன் வாழ்நாளின் மாபெரும் பிரகடனத்தைச் செய்தாள்: "குனிவதற்கு இடம் வேண்டும், வீரர்களே! அவனுக்கும் வேண்டும், உனக்கும் வேண்டும்!"

சோயுல் எழுந்தாள். ஓரடி பின்வாங்கினாள். தொப்புளில் கைவைத்துக் குனிந்தாள்.

"இப்ப இடிக்குதா?"

"இல்ல," என்றான் ஊஜின், நெற்றியைத் தடவிக்கொண்டே. பிறகு, பிறந்தது முதல் எவருக்கும் ஆணையிட்டறியாத அவன், "இன்னும் கொஞ்சம் பின்னாடி போ" என்றான்.

போனாள்! அணைப்பரசி போனாள்! கண்ட மற்ற ஒன்பதின்மரும் வெறிகொண்டு, தள்ளித் தள்ளி நின்று, ஒருவரையொருவர் வணங்கி, சுவரை வணங்கி, பூந்தொட்டியை வணங்கி, சமையலம்மாவை நாற்பது முறை வணங்கினர். "போதும்டா சாமிகளா, கஞ்சி ஆறுது!" என்று அவர் கெஞ்சியும் கேட்டாரில்லை.

அவ்வமளிக்கு நடுவே, இரண்டடி தொலைவிலிருந்து சோயுல் கேட்டாள்: "இப்ப கட்டிப்புடிச்சுக்கவா?"

ஊஜின் இடைப்பட்ட தரையைக் கண்ணால் அளந்தான். பானையின் ஆவியும் அசையாது நின்றது.

"நாளைக்கு," என்றான்.

நாளை! வரமாட்டேன் என்றவன் வாயில் நாளை! முழங்குக முரசுகள், ஆர்க்க சங்கங்கள், மலர்மாரி பொழிக வானோர், திசையெட்டும் திகைக்கத் தன் மூக்கைத் தானே துடைத்துக்கொண்ட வெற்றித் திருமகள் யேரினின் புகழ் ஓங்குக!

மாலையில் ஊஜினின் அம்மாவுக்குப் போன குறிப்பில், நெற்றியில் சின்ன வீக்கம், ஐஸ் வைத்தோம், கஞ்சி ரெண்டு கிண்ணம் சாப்பிட்டான், அழவில்லை என்று எழுதியிருந்தது.