மயில்சாமி வீட்டில் ஒரு நாள் அமைதி

"குழியில வெடிமருந்து கெட்டிச்சாச்சுங்க. இனி அதைச் சும்மா விட முடியாது, வெடிச்சே ஆகணும்" என்றான் மனுவேல்.

மயில்சாமி தலையில் கை வைத்துக்கொண்டு பாறைமேலேயே உட்கார்ந்துவிட்டார். மலைமேல் இத்தலார் ஊருக்குப் போகிற வழியில் இருந்த அந்தக் கல்குவாரியில் மனுவேல் வெடி வைப்பவன், மயில்சாமி கணக்கு எழுதுபவர். கம்பெனி கொடுத்த வீடு குவாரிக்கு நேர் கீழே. அன்று காலை அவர் மகள் தெய்வானையைப் பெண் பார்க்கப் பல்லடம் பக்கத்திலிருந்து வருகிறார்கள்.

சுவரில் விரிசல், சோற்றில் கல்தூள், பகல் முழுக்க ஜல்லி உடைக்கும் கிரஷரின் இரைச்சல் எல்லாம் மயில்சாமிக்குப் பழகிவிட்டது. பெண் பார்க்க வருகிறவர்கள் ஓடிப்போவதுதான் பழகவில்லை. ஒரு சம்பந்தி காபி டம்ளரை வாங்கின நேரம் பார்த்து வெடி வெடித்தது. மனுஷன் காபியை மடியில் கவிழ்த்துக்கொண்டு, ஈர வேட்டியோடு பஸ் ஏறினார். அடுத்து வந்தவர்கள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், பெண்ணைப் பார்க்கவில்லை. தெய்வானைக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது. இதுவும் தட்டிப்போனால் என்னை விட்டுவிடுங்கள் என்று தரகர் சுப்பண்ணனே சொல்லிவிட்டார்.

"அப்படின்னா அவங்க வர்றதுக்கு முந்தியே வெடிச்சுப்போடு கண்ணு" என்றார் மயில்சாமி.

மனுவேல் சீக்கிரமே சங்கு ஊதி வெடித்தான். வீட்டில் அப்போதுதான் மயில்சாமியின் பெண்டாட்டி மருதாம்பாள் தரையைத் துடைத்துவிட்டுச் சொஜ்ஜி கிளறிக்கொண்டிருந்தாள். கூரையில் இருந்த தூசி பாதி தரையிலும் பாதி சொஜ்ஜியிலும் விழுந்தது. சாமி படத்துக்குப் பின்னால் அடக்கமாக இருந்த விரிசல் படத்தைத் தாண்டிக் கீழே இறங்கிவிட்டது. மயில்சாமி பீரோவை நகர்த்தி அதை மறைத்தார். பீரோ இருந்த இடத்தில் அதைவிடப் பெரிய விரிசல் இருந்தது. அங்கே பெண்டாட்டியை நிற்கச் சொன்னார்.

"வந்தவங்க போற வரைக்கும் நான் செவுத்தோட ஒட்டிட்டே நிக்கறதுங்களா? அப்பறம் காபி யாரு குடுப்பா?"

"தெய்வானை குடுப்பா. அவளைப் பாக்கத்தான வர்றாங்க."

மிச்சம் இருந்தது கிரஷர் சத்தம். பெல்ட் அறுந்துவிட்டதென்று ஒரு பொய்யைச் சொல்லி அதையும் நிறுத்தினார். குன்னூர் போயிருந்த மேனேஜருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். போனால் போகட்டும், பெண்ணாவது கரை சேரட்டும் என்று நினைத்தார்.

கிரஷர் நின்றதும் ஜல்லி ஏற்ற வந்த லாரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. மாப்பிள்ளை வீட்டார் வந்த வேன் கீழ் வளைவிலேயே மாட்டிக்கொண்டது. தரகர் வேனுக்குக் காவல் நிற்க, மற்றவர்கள் பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பனிமஞ்சுக்குள் மேடேறி வந்தார்கள். அதற்குள் லாரிக்காரர்கள் ஹாரன் அடிக்கத் தொடங்கினார்கள். அவர்கள் வாயை அடைக்க, மறுபடி கிளறிய சொஜ்ஜியும் பஜ்ஜியும் லாரிகளுக்குப் போயின. விருந்தாளிகளுக்கு டப்பாவில் இருந்த மொறுமொறு வர்க்கி பிஸ்கட்தான் கிடைத்தது.

ஆனால் சத்தம் இல்லை. அந்த வீட்டில் வர்க்கி கடிபடுவது காதில் விழுந்தது அன்றைக்குத்தான். மயில்சாமிக்கு உடம்பெல்லாம் அசதி, இருந்தாலும் மனசு நிறைந்திருந்தது. மாப்பிள்ளைப் பையன் வைத்த கண் வாங்காமல் தெய்வானையைப் பார்த்தான். அவளும் ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஏனுங்க, பக்கத்துல குவாரின்னு சொன்னாங்களே. இங்க எப்பவுமே இப்படி அமைதிதானுங்களா?"

மயில்சாமி எழுந்துபோய்ச் சாமி படத்தைத் தொட்டார். "சத்தியமாச் சொல்றனுங்க, குவாரியெல்லாம் பேருக்குத்தான். எம் புள்ளை வெடிச் சத்தமே கேக்காம வளந்ததுங்க. தட்டு ஒண்ணு கீழ விழுந்தாக்கூட நடுங்கிப்போயிரும்."

தெய்வானை அப்பாவை வெறித்துப் பார்த்தாள். வெடி வெடிக்கும்போது புரண்டுகூடப் படுக்காமல் தூங்குகிறவள் அவள். சுவரோடு ஒட்டி நின்ற மருதாம்பாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பையன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், அப்பா முறைத்ததும் அடங்கிவிட்டான். கலந்து பேசிச் சொல்லி அனுப்புகிறோம் என்று எல்லாரும் எழுந்தார்கள். அந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம் என்று மயில்சாமிக்கு நன்றாகத் தெரியும். வாசல்வரை வழியனுப்பப் போனார். எங்கே தப்பு நடந்தது என்று மட்டும் அவருக்கு விளங்கவில்லை.

செருப்பு மாட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் அத்தை அவர் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டாள்.

"உங்க புள்ளை மேல ஒரு குத்தமும் இல்லீங்க. எங்க ஊட்டுக்குப் பின்னாடியே கல்லுக்குழி, பொழுதுக்கும் வெடிதான். பாத்த புள்ளைக எல்லாம் பயந்துட்டு வேண்டாம்னுட்டாங்க, வெடிக்குப் பழகின புள்ளைன்னு தரகர் சொல்லித்தான் இத்தனை தூரம் மலையேறி வந்தமுங்க."