மெரூன் மங்கி குல்லா போட்ட எதிரி

அன்புள்ள மைத்துனர், வக்கீல் கீர்த்திவாசன் அவர்களுக்கு,

ஊட்டி காந்தலிலிருந்து உங்கள் அக்காள் வீட்டுக்காரர் லிங்கசாமி. கோவை வெயிலில் அனைவரும் சுகம்தானே? இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். சுகமாக இருந்தால் வக்கீலுக்கு எதற்குக் கடிதம்? போனில் சொன்னால் "கோர்ட்டுல இருக்கேனுங்க மாமா" என்று வைத்துவிடுகிறீர்கள்.

போன வாரம் காலையில் பால் வாங்கப் போனவன், டீக்கடை பாண்டியராஜிடம் உறைபனியில் உருளைக்கிழங்குச் செடி கருகியதைப் பற்றிப் பேசிக்கொண்டு நின்றேன், நடுரோட்டில்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள், மேட்டிலிருந்து மூடுபனிக்குள் இறங்கிய ஒரு சைக்கிள் பின்னாலிருந்து இடித்து என்னைக் கேரட் மூட்டைகள் மேல் தள்ளிவிட்டது. கண்ணாடி ஒரு பக்கம், பால் தூக்கு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அந்த ஆசாமியும் விழுந்து எழுந்து, ஒரு வார்த்தை பேசாமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு பனிக்குள் மறைந்துவிட்டான். ஜெர்கின், மெரூன் மங்கி குல்லா. வேறு அடையாளம் இல்லை. சாட்சி சொல்லக் கூப்பிட்டால், "ஊரே அந்தக் குல்லாதானுங்க போட்டிருக்குது, யாருன்னு சொல்றது?" என்கிறார் பாண்டியராஜ். போலீஸிலும் அதையேதான் சொன்னார்கள்.

நான் விடுவேனா? நொண்டிக்கொண்டே பஸ் ஸ்டாப்பில் நின்று, மெரூன் குல்லாவைக் கண்டாலே கழற்றச் சொன்னேன். அடுத்த தெரு சுவிசேஷமுத்துவைச் சட்டையோடு பிடித்துவிட்டேன். அவருக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாதாம். பாவம் என்று அவரே எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். இப்போது என்னைப் பார்த்தால் எல்லோரும் எதிர்ப்பக்கம் நடக்கிறார்கள். உட்கார்ந்தால் முட்டி வலி, படுத்தால் மனவலி, வெளியே சைக்கிள் சத்தம் கேட்டால் ஜன்னலுக்கு ஓட்டம். கெட்ட வேளை ஒன்றோடு போகுமா, உங்கள் அக்காள் தங்கமணியும் அன்றைக்கே துணி காயப்போடும்போது வழுக்கி முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள். இருந்தும் நான் அந்தப் பாவியைத் திட்டத் திட்ட, என் முட்டிக்கு இன்னும் கொஞ்சம் எண்ணெய் தேய்க்கிறாள். "உடுங்க, தெரியாம இடிச்சிருக்கும்" என்கிறாள். இந்த இளகிய மனசு உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லை.

ஆகவே வலி, மன உளைச்சல், மானநஷ்டம், நானே காபி போட்டுக் குடிக்க நேர்ந்த கொடுமை எல்லாவற்றுக்கும் நியாயமான நஷ்டஈடு கேட்டு நோட்டீஸ் தயார் செய்யவும். எதிரி பெயரைப் பிறகு தெரிவிக்கிறேன். பணம்கூடப் பெரிதில்லை, அந்த ஆள் என் முன்னால் நின்று 'மன்னிச்சுக்குங்க' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியது.

பிள்ளைகள் பிரீத்திக்கும் கதிருக்கும் எங்கள் ஆசிகள். மலையப்பன் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
நீதி வேண்டி நொண்டும்
லிங்கசாமி

பி.கு.: கவரை ஒட்டுவதற்கு முன் உங்கள் அக்காள் இதை வாங்கிப் படித்துவிட்டு, எதிரி பெயர் தங்கமணி என்று போட்டுக்கொள்ளச் சொன்னாள். டாக்டர் சர்க்கரைக்கு உடற்பயிற்சி சொன்னாராம். நான் சிரிப்பேன் என்று சொல்லாமல் பக்கத்து வீட்டு யூனிஸின் சைக்கிளில் பழகினாளாம். மணியாவது அடித்திருக்கலாமே என்றேன். "அடிச்சேனுங்க. ஊட்டுக்குள்ள நான் கூப்பிட்டாலே நீங்க திரும்பறதில்லை, மணிக்கா திரும்பிருவீங்க?" என்றாள். நான் கேட்ட அந்த ஒரு வார்த்தையை நானே அவளிடம் சொல்லும்படி ஆகிவிட்டது. நோட்டீஸ் வேண்டாம். ஆனால் அவள் பங்கு வலிக்கும் உளைச்சலுக்கும், கல்யாண நாளிலிருந்து கணக்குப் போட்டு, என்மேல் கேஸ் போட முடியுமா என்று நாளை உங்களிடம் கேட்கப் போகிறாளாம். மாப்பிள்ளை, அப்போது மட்டும் நீங்கள் கோர்ட்டிலேயே இருங்கள்.