பிரிண்டருக்குத் தாள் வைத்த ஆடு

ஒரு காட்டில் ஒரு கழுதை பாதுகாப்பு அதிகாரியாக இருந்தது. அந்தக் கழுதை நான்தான். எனவே இந்தக் கதையில் கழுதையைப் பற்றி நல்லதாக ஏதாவது வந்தால் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள்.

காட்டுக்கு ஒரே குளம். அதன் மதகைத் திறப்பது சிங்கராஜாவின் குகையில் இருந்த கம்ப்யூட்டர். ராஜா உத்தரவிட்டால்தான் மதகு திறக்கும். மற்றவர்கள் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று திரையில் பார்த்துப் பெருமூச்சு விடலாம். பிரிண்டருக்குத் தாள் வைக்கும் ஆட்டுக்கு 'தாள் தீர்ந்தது' என்று பதியும் அதிகாரம் மட்டும். தாள் ஏன் அவ்வளவு சீக்கிரம் தீர்கிறது என்று நான் கேட்டதில்லை.

ஒரு நாள் குகைச் சுவரில் இருந்த பல்லி என்னைக் கூப்பிட்டது.

"ஐயா, பிரிண்டர் சாஃப்ட்வேர் தன்னைத்தானே அப்டேட் பண்ணிக்குது. அதுக்குன்னு ஒரு ஃபோல்டர் இருக்கு. அதுல யார் எதைப் போட்டாலும், ராஜாவே சொன்ன மாதிரி மெஷின் செஞ்சிடுது."

"வெளியில இருந்து ஒருத்தன் வந்து இதைச் செய்ய முடியுமா?"

"முடியாதுங்க. உள்ள இருக்கிறவங்கதான் செய்யலாம்."

"உள்ள இருக்கிறதெல்லாம் நம்ம ஆளுங்கப்பா!"

புகாரில் 'ஆபத்து: சுமார்' என்று எழுதி மூடினேன். அந்தச் சூட்டோடு குகை வாசலில் இரண்டாவது இரும்புக் கதவு போட்டேன். திறப்பு விழாவில் எனக்கு மாலை போட்டார்கள். பாதியை அங்கேயே தின்றுவிட்டேன்.

கோடை வந்தது. ராஜா வேட்டைக்குப் போன ஒரு காலையில், தாகம் தாங்காத ஆடு அந்த ஃபோல்டரில் தன் கட்டளையைப் போட்டது: 'இனி ஆடுதான் ராஜா.' மெஷின் மறுபேச்சில்லாமல் செய்தது. மதகு ஆட்டு மந்தையின் பக்கம் மட்டும் திறந்தது. அடுத்து ஆடு செய்த காரியத்தில்தான் எனக்கு மானம் போயிற்று. பல்லி சொன்ன அந்த ஃபோல்டர் ஓட்டையை, இனி வேறு யாரும் பயன்படுத்தாதபடி அது அடைத்துவிட்டது. நான் ஒரு பருவம் முழுக்கச் செய்யாத வேலை, டீ ஆறுவதற்குள் முடிந்தது.

மத்தியானம் ராஜா நாக்கு வறண்டு வந்து கதவைத் தட்டியது.

"டேய் கழுதை, நான்தாண்டா! திற!"

குகைக்குள் இருந்த நான், கதவைத் திறக்க யாருக்கு அனுமதி என்று திரையில் பார்த்தேன். சிங்கத்தின் பெயருக்கு எதிரே, தாள் வைக்கும் அதிகாரம் மட்டும் இருந்தது.

"உங்களுக்கு அனுமதி இல்லைன்னு காட்டுதுங்க ராஜா."

ராஜா அறைந்தது, மோதியது, கடைசியில் கெஞ்சியது. இரண்டு கதவும் அசையவில்லை. உள்ளே இருந்த ஆடு என் முதுகைத் தட்டிக்கொடுத்தது.

"பிரமாதமான கதவுய்யா. மூணாவது ஒண்ணும் போட்டுடு."

என் முன்னால் ஒரு வாளி தண்ணீர் வைத்தார்கள். வெளியே மான்குட்டிகள் தாகத்தில் கத்தின. எனக்கு அழுகை வந்தது. குடித்துவிட்டு அழலாம் என்று குடித்தேன்.

நீதி: கதவைப் பலமாகக் கட்டு. உள்ளே யார் இருந்தாலும் உன் வாளி நிறையும்.